இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் உண்மையில் என்ன இருக்கிறது?

சென்னை எழும்பூரில் உள்ள அரசு அருங்காட்சியகத்தை நகரத்தின் பழைய தலைமுறையினர் 'செத்த காலேஜ்' என்றும், மூர் மார்க்கெட்டுக்கு அருகில் இருந்த மிருகக்காட்சிசாலையை 'உயிர் காலேஜ்' என்றும் அழைத்து வந்தார்கள். அருங்காட்சியகம் என்றால் செத்த விலங்குகளை அடுக்கி வைத்திருக்கும் கூடம் என்ற எண்ணம் இன்றும் பெரிதாக மாறிவிடவில்லை. பள்ளிச் சுற்றுலாவில் ஒருமுறை பார்த்ததே போதும் என்று சிலர் நினைக்கிறார்கள். உயிருள்ள புலியையே கைப்பேசித் திரையில் அருகே பார்க்க முடிகிற காலத்தில், பாடம் செய்த புலியைப் பார்க்க எதற்காகப் போக வேண்டும் என்று வேறு சிலர் கேட்கிறார்கள்.

கேள்வி நியாயமானதுதான். ஆனால், காட்சிக்கூடம் மட்டுமே அருங்காட்சியகம் என்று எடுத்துக்கொள்வதால் எழும் கேள்வி அது. லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் பொறுப்பில் சுமார் 8 கோடிப் பொருள்கள் இருக்கின்றன. வாஷிங்டனில் உள்ள ஸ்மித்சோனியன் தேசிய இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் 14 கோடிக்கும் மேல் உள்ளன. இவற்றில் பார்வையாளரின் கண்ணில் படுவது மிகச் சிறிய பகுதி. மற்றவை பூட்டிய அறைகளிலும் இழுப்பறைகளிலும் ஆல்கஹால் நிறைந்த சாடிகளிலும் இருக்கின்றன. அருங்காட்சியகம் என்ற அமைப்பு இயங்குவதே அந்த மறைந்த பகுதிக்காகத்தான். அங்கே என்ன வைக்கப்பட்டிருக்கிறது, அது எதற்குப் பயன்படுகிறது என்பதைப் புரிந்துகொண்டால், காட்சிக்கூடத்தில் நிற்கும் ஒவ்வொரு பொருளும் வேறுவிதமாகத் தெரியத் தொடங்கும். அந்தப் புரிதலுக்கு உதவுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

பத்திரமும் மாதிரியும்

சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவான ஒரு நிலப் பத்திரத்தை எடுத்துக்கொள்வோம். அதன் மதிப்பு முத்திரைத்தாளில் இல்லை. அதில் எழுதப்பட்டிருக்கும் சர்வே எண், நான்கு எல்லைகள், தேதி, எழுதிக் கொடுத்தவர், எழுதி வாங்கியவர் ஆகிய விவரங்களில் இருக்கிறது. அந்த விவரங்கள் அழிந்துபோன பத்திரம் எவ்வளவு பழையதாக இருந்தாலும் எந்த வழக்கிலும் நிற்காது.

அருங்காட்சியகத்தில் இருக்கும் பொருளும் அப்படிப்பட்ட ஆவணமே. கல்லூரி ஆய்வகங்களில் ஸ்பெசிமன் என்று சொல்லப்படும் இதைத் தமிழில் மாதிரி என்போம். மாதிரி என்பது ஓர் உயிரினத்தின் உடலோ உடலின் பகுதியோ, அது எங்கே, எப்போது, யாரால் எடுக்கப்பட்டது என்ற குறிப்புச்சீட்டுடன் சேர்த்துப் பாதுகாக்கப்படுவது. சீட்டும் உடலும் சேர்ந்தால்தான் அது மாதிரி. சீட்டு இல்லாத பறவைத் தோல் அழகான பொருளாக இருக்கலாம், ஆதாரமாக முடியாது.

இழுப்பறைகளில் இருக்கும் பறவைகளைப் பார்ப்பவர்கள் முதலில் சற்றுத் திகைப்பார்கள். அவை கிளையில் அமர்ந்த நிலையில் இருப்பதில்லை. உள்ளே பஞ்சு அடைக்கப்பட்டு, இறக்கை மடங்கி, கண் இருந்த இடத்தில் வெள்ளைப் பஞ்சு தெரிய, மல்லாந்த நிலையில் வரிசையாகக் கிடக்கும். சீட்டு காலில் கட்டப்பட்டிருக்கும். பூச்சிகள் ஊசியில் குத்தப்பட்டிருக்கும். அதே ஊசியில், பூச்சிக்குக் கீழே, விரல் நகத்தளவு சீட்டு செருகப்பட்டிருக்கும். மீன்களும் தவளைகளும் ஆல்கஹாலில் ஊறும். செடிகள் அழுத்தி உலர்த்தப்பட்டு, தடித்த தாளில் ஒட்டப்பட்டிருக்கும். அத்தகைய தாள்களின் தொகுப்புக்கு உலர்தாவரகம் அல்லது ஹெர்பேரியம் என்று பெயர். எலும்புக்கூடுகளைச் சுத்தம் செய்வதற்குப் பல அருங்காட்சியகங்கள் இன்றும் தசையைத் தின்னும் ஒருவகை வண்டுகளை வளர்க்கின்றன; மெல்லிய எலும்பைக்கூடச் சிதைக்காமல் அவை செய்யும் வேலையை மனிதக் கை செய்வது கடினம்.

ஆக, இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் என்பது முதன்மையாக ஓர் ஆவணக் காப்பகம். காட்சிக்கூடம் அதன் முன்வாசல்.

மூலப் பத்திரம் போன்றது: வகைமாதிரி

நிலம் யாருக்குச் சொந்தம் என்ற சிக்கல் எழுந்தால் மூலப் பத்திரத்தைத் தேடுவோம். உயிரினங்களின் பெயர்களிலும் அதே நடைமுறை உண்டு. ஓர் உயிரினத்துக்கு முதன்முதலாக அறிவியல் பெயர் வைக்கும்போது, அந்தப் பெயர் எந்த மாதிரியைக் குறிக்கிறது என்று காட்ட வேண்டும். பெயருக்கு அடிப்படையாக நிற்கும் அந்த மாதிரியே வகைமாதிரி. பின்னால் வேறொருவர் புதிய இனத்தைக் கண்டுபிடித்ததாகச் சொன்னால், பழைய வகைமாதிரிகளோடு ஒப்பிட்டுத்தான் அந்தக் கூற்று ஏற்கப்படும் அல்லது தள்ளப்படும்.

நமக்கு மிகவும் பழக்கமான ஆசிய யானையின் கதை இதற்கு நல்ல உதாரணம். ஸ்வீடன் நாட்டு இயற்கையியலாளர் கார்ல் லின்னேயஸ் 1758-இல் அதற்கு எலிஃபஸ் மாக்சிமஸ் என்று பெயரிட்டார். அவர் அடிப்படையாகக் கொண்டவற்றுள் ஒன்று, சாடியில் பாதுகாக்கப்பட்ட ஒரு யானைக் கரு. அது இன்றும் ஸ்டாக்ஹோமில் இருக்கிறது. அது உண்மையில் ஆசிய யானைதானா என்ற ஐயம் ஆய்வாளர்களுக்கு இருந்து வந்தது. அதன் புரதத்தையும் மரபுப் பொருளையும் ஆராய்ந்து 2013-இல் வெளியான ஆய்வு, அது ஆப்பிரிக்க யானையின் கரு என்று காட்டியது. ஆசிய யானையின் பெயர் ஆப்பிரிக்க யானையின் உடலோடு கட்டப்பட்டிருக்க விடலாமா? லின்னேயஸ் தம் நூலில் மேற்கோள் காட்டியிருந்த ஆங்கிலேய அறிஞர் ஜான் ரே, 17ஆம் நூற்றாண்டில் இத்தாலியில் ஒரு யானையின் எலும்புக்கூட்டைப் பார்த்து விவரித்திருந்தார். அந்த எலும்புக்கூடு ஃபிளாரன்ஸ் நகரின் அருங்காட்சியகத்தில் இன்றும் இருப்பதை ஆய்வாளர்கள் அடையாளம் கண்டு, அதையே ஆசிய யானையின் வகைமாதிரியாக நிறுவினார்கள்.

இரண்டு அருங்காட்சியகங்கள் இரண்டு பொருள்களை நூற்றாண்டுகளாகத் தூக்கி எறியாமல் வைத்திருந்ததால்தான் இந்தப் பிழையைக் கண்டறியவும் முடிந்தது, திருத்தவும் முடிந்தது.

பொய்ச் சீட்டு ஒன்று என்ன செய்தது

சீட்டு ஏன் இவ்வளவு முக்கியம் என்பதை நம் நாட்டிலேயே நடந்த ஒரு நிகழ்வைவிடத் தெளிவாக எதுவும் காட்டுவதாக எனக்குத் தெரியவில்லை. ஆகவே அதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

ஃபாரஸ்ட் ஆவ்லெட் என்று அழைக்கப்படும் சிறிய ஆந்தை மத்திய இந்தியாவுக்கே உரியது. 1873-இல் அதற்கு அறிவியல் பெயர் வைத்தவர் ஆலன் ஆக்டேவியன் ஹியூம். இந்திய தேசியக் காங்கிரஸ் உருவாகக் காரணமானவர்களுள் ஒருவராகப் பள்ளிப் பாடத்தில் நாம் படித்த அதே ஹியூம்தான். பறவை மாதிரிகளைப் பெரும் எண்ணிக்கையில் சேகரித்து, 1885-இல் அவற்றை லண்டன் அருங்காட்சியகத்துக்குக் கொடுத்தவர். இந்த ஆந்தையின் மாதிரிகள் உலகம் முழுவதிலும் சேர்த்து விரல்விட்டு எண்ணக்கூடிய அளவே இருந்தன. அவையெல்லாம் 1870களிலும் 1880களிலும் எடுக்கப்பட்டவை. ஒன்றே ஒன்று மட்டும் விலகி நின்றது. 1914-இல் குஜராத்தின் மாண்ட்வியில் எடுத்ததாக அதன் சீட்டு சொன்னது. எடுத்தவர் ரிச்சர்ட் மைனெர்ட்ஸ்ஹாகன் என்ற பிரிட்டிஷ் ராணுவ அதிகாரி. அக்காலத்தில் பறவையியலில் மிகவும் மதிக்கப்பட்டவர்.

பிற்காலத்தில் அந்த ஆந்தையைத் தேடிப் புறப்பட்டவர்கள் இயல்பாகவே கடைசித் தகவலை நம்பினார்கள். சீட்டு காட்டிய இடத்தில் ஆந்தை கிடைக்கவில்லை. இனமே அழிந்துவிட்டது என்ற முடிவு வலுப்பெற்றது.

1990களில் அமெரிக்கப் பறவையியலாளர் பமீலா ராஸ்முசென், மைனெர்ட்ஸ்ஹாகனின் சேகரிப்பை ஒவ்வொன்றாகச் சோதித்தார். பறவையின் தோலை உரித்துப் பஞ்சு அடைத்துத் தைப்பதில் ஒவ்வொரு சேகரிப்பாளருக்கும் தனிக் கைப்பாங்கு உண்டு. எக்ஸ்-ரே படங்களில் அது தெரியும். 1914 என்று எழுதப்பட்ட ஆந்தையின் தோலுக்குள் தெரிந்தது, 1880களில் மேற்கு இந்தியாவில் பறவைகளைச் சேகரித்த ஜேம்ஸ் டேவிட்சனின் கைப்பாங்கு. அருங்காட்சியகத்தில் இருந்த டேவிட்சனின் மாதிரியை எடுத்துச் சென்று, தையலைப் பிரித்து மறுபடி தைத்து, புதுச் சீட்டு எழுதிக் கட்டித் தம்முடையதாக மைனெர்ட்ஸ்ஹாகன் காட்டியிருந்தார் என்பது வெளிப்பட்டது.

பொய்ச் சீட்டை ஒதுக்கிவிட்டால் மிஞ்சுவது பழைய உண்மைச் சீட்டுகள். அவை காட்டிய இடங்களில் ராஸ்முசெனும் அவருடைய துணைவர்களும் தேடினார்கள். 1997 நவம்பரில், மகாராஷ்டிரத்தின் வடமேற்கில் ஷஹாதாவுக்கு அருகே, உயிருள்ள ஆந்தை அவர்கள் கண்ணெதிரே ஒரு மரத்தில் அமர்ந்திருந்தது. உண்மையான கடைசி மாதிரி எடுக்கப்பட்ட 1884-க்குப் பிறகு 113 ஆண்டுகள் கழிந்திருந்தன. இன்று அந்த ஆந்தை மகாராஷ்டிரம், மத்தியப் பிரதேசம், குஜராத் ஆகிய மாநிலங்களில் வெவ்வேறு இடங்களில் பதிவாகியிருக்கிறது.

சில சொற்கள் எழுதிய ஒரு சீட்டு ஓர் இனத்தை மனிதரின் பார்வையிலிருந்து மறைக்கவும் முடியும், மீட்டுத் தரவும் முடியும். அருங்காட்சியக ஊழியர்கள் பொருளைவிடச் சீட்டை அதிகக் கவனத்தோடு காப்பதாகத் தோன்றினால், அதற்குக் காரணம் இதுதான்.

காலவரிசையாக அடுக்கினால் தெரிவது

நிலம் வாங்குபவர்கள் ஒரு பத்திரத்தை மட்டும் பார்த்து நிறுத்திக்கொள்வதில்லை. முப்பது ஆண்டுக்கு வில்லங்கச் சான்று போட்டுப் பார்க்கிறார்கள். இடையில் என்னென்ன நடந்தது என்பதை வரிசைதான் சொல்லும். ஒரே இனத்தின் மாதிரிகளை அருங்காட்சியகம் நூற்றுக்கணக்கில் வைத்திருப்பதற்கும் அதுவே காரணம். 'ஒரு காக்கை போதாதா, எதற்கு இருநூறு?' என்பது புதியவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி. ஒரு காக்கை, காக்கை எப்படி இருக்கும் என்று சொல்லும். இருநூறு ஆண்டுகளில் எடுத்த இருநூறு காக்கைகள், இருநூறு ஆண்டுகளில் என்ன மாறியது என்று சொல்லும்.

இதற்கு உலகப் புகழ் பெற்ற சான்று, பொரி வல்லூற்றின் முட்டை ஓடு. இரண்டாம் உலகப்போருக்குப் பிந்தைய பிரிட்டனில் இந்த வல்லூறுகள் வேகமாகக் குறைந்தன. கூடுகளில் முட்டைகள் உடைந்து கிடந்தன. டெரெக் ராட்கிளிஃப் என்ற ஆய்வாளர், அருங்காட்சியகங்களிலும் தனியாரிடமும் இருந்த பழைய முட்டை ஓடுகளை எடுத்து, ஒவ்வொன்றின் எடையையும் அதன் நீள அகலத்தோடு ஒப்பிட்டுக் கணக்கிட்டார். பல பத்தாண்டுகள் ஏறத்தாழ ஒரே நிலையில் இருந்த ஓட்டின் கனம், 1947-ஐ ஒட்டித் திடீரென்று குறைந்திருந்தது. டி.டி.டி. பூச்சிக்கொல்லி வேளாண்மையில் பரவலாகத் தெளிக்கப்படத் தொடங்கிய காலம் அது. அவருடைய ஆய்வு 1967-இல் வெளியானது; அமெரிக்காவில் நடந்த முட்டை ஓட்டு ஆய்வும் அடுத்த ஆண்டே இதை உறுதி செய்தது.

நடந்தது இதுதான். டி.டி.டி. உடலுக்குள் சிதைந்து, எளிதில் வெளியேறாத வேறொரு வேதிப்பொருளாக மாறிக் கொழுப்பில் தங்குகிறது. பூச்சியைச் சிறு பறவை தின்கிறது, சிறு பறவைகளை வல்லூறு தின்கிறது. ஒவ்வொரு படியிலும் அதன் செறிவு கூடுகிறது. தாய்ப் பறவையின் உடலில் முட்டை ஓட்டுக்குக் கால்சியம் போய்ச் சேர்வதை அது தடுக்கிறது. ஓடு மெலிகிறது. அடைகாக்க அமரும் தாயின் எடையைத் தாங்காமல் முட்டை நொறுங்குகிறது. 1972-இல் அமெரிக்கா டி.டி.டி.யின் பெரும்பாலான பயன்பாடுகளைத் தடைசெய்தபோது, அதற்கு அடிப்படையான ஆதாரங்களுள் முட்டை ஓடு மெலிவதும் ஒன்று. அந்த முட்டைகளைச் சேகரித்தவர்கள் யாரும் பூச்சிக்கொல்லியைப் பற்றி நினைத்தவர்கள் அல்லர். அவற்றுள் பல எடுக்கப்பட்ட காலத்தில் டி.டி.டி. பயன்பாட்டுக்கே வந்திருக்கவில்லை.

இதே வழியில் காற்றின் வரலாற்றையும் படிக்க முடிந்திருக்கிறது. நிலக்கரி எரித்த அமெரிக்கத் தொழில் நகரங்களில் நூறாண்டுக்கு முன் காற்றில் எவ்வளவு கரி இருந்தது என்பதை அளந்த கருவிகள் மிகக் குறைவு. ஆனால் அந்த நகரங்களின் பறவைகள் கரியைச் சுமந்து பறந்தன. சிகாகோவின் ஃபீல்ட் அருங்காட்சியகம் உள்ளிட்ட சேகரிப்புகளில் இருந்த ஆயிரத்துக்கும் மேற்பட்ட பறவைகளின் மார்புச் சிறகுகள் எவ்வளவு கறுத்திருக்கின்றன என்று அளந்து, 135 ஆண்டுக் காலத்துக் காற்று மாசின் ஏற்ற இறக்கத்தை 2017-இல் இரண்டு ஆய்வாளர்கள் வரைந்து காட்டினார்கள். பறவைகள் ஆண்டுதோறும் இறகு உதிர்த்துப் புதுப்பித்துக்கொள்வதால், ஒவ்வொரு மாதிரியிலும் இருப்பது ஏறத்தாழ அந்த ஆண்டின் கரி மட்டுமே. ஆகவே ஆண்டுக் கணக்கு குழம்பவில்லை. 1930களின் பொருளாதார வீழ்ச்சியில் ஆலைகள் மங்கியதுகூடப் பறவைகளின் மார்பில் தெரிந்தது.

லண்டன் அருங்காட்சியகத்தின் மைய மண்டபத்தில் 2017 முதல் தொங்கும் நீலத்திமிங்கில எலும்புக்கூட்டையும் இங்கே சொல்ல வேண்டும். 25 மீட்டர் நீளமுள்ள அந்தத் திமிங்கிலம் 1891-இல் அயர்லாந்தின் வெக்ஸ்ஃபோர்ட் கரையில் ஒதுங்கியது. அதன் வாயில் இருந்த சல்லடைத் தகடுகள் நம் நகம்போல வளர்ந்துகொண்டே இருப்பவை. அவற்றின் வேதியியல் தடங்களை ஆராய்ந்து, அது கடைசி ஏழு ஆண்டுகளில் அட்லாண்டிக் கடலில் எப்படி இடம்பெயர்ந்தது என்று கணித்திருக்கிறார்கள். தகடுகளை எடுத்துவைத்தவர்களின் காலத்தில் அப்படி ஓர் ஆய்வு முறையே இல்லை.

இதுவரை பார்த்தவற்றின் சாரம் இது: மாதிரி என்பது கேள்விக்கு முன்பே சேமிக்கப்பட்ட பதில். எந்தக் கேள்வி வரும் என்பது சேமிக்கும்போது தெரியாது.

பார்ப்பது உண்மையா, வார்ப்பா?

பாடம் செய்த விலங்குக்குள் முழு உடல் இருக்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை. பெரும்பாலும் தோல் மட்டுமே உண்மை. உள்ளே இருப்பது விலங்கின் வடிவத்தில் செய்த உருவம், கண்கள் கண்ணாடி. டைனோசர் எலும்புக்கூடுகளில் பல, உண்மையான புதைபடிவத்திலிருந்து அச்செடுத்த வார்ப்புகள். லண்டனில் 1905 முதல் நூறாண்டுக்கும் மேலாக நின்ற புகழ்பெற்ற டிப்ளோடோகஸ் முழுவதும் பிளாஸ்டர் வார்ப்புதான். இதை ஏமாற்று என்று கருத வேண்டியதில்லை. மூல எலும்பு பாரம் மிக்கது, உடையக்கூடியது, ஆய்வுக்குத் தேவைப்படுவது. நல்ல அருங்காட்சியகம் எது வார்ப்பு என்பதைச் சீட்டில் சொல்லிவிடும். அசல் எலும்பைப் பார்க்க விரும்புகிறவர்கள் ஹைதராபாத்தின் பிர்லா அறிவியல் அருங்காட்சியகத்துக்குப் போகலாம். கோதாவரிப் படுகையில் தோண்டியெடுத்த கோட்டாசாரஸ் அங்கே நிற்கிறது.

கொன்றுதான் சேர்க்க வேண்டுமா?

இந்தக் கேள்வியைத் தவிர்த்துவிட்டுப் போவது நேர்மையாகாது. பழைய சேகரிப்பின் பெரும்பகுதி சுட்டும் பிடித்தும் சேர்த்ததுதான். காலனி ஆட்சிக் காலத்தில் எடுத்த நம் நாட்டு உயிரினங்களின் வகைமாதிரிகள் பல இன்னும் லண்டனில் இருக்கின்றன. இந்திய ஆய்வாளர் தம் மண்ணின் பறவையை ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு அவ்வளவு தூரம் போக வேண்டியிருப்பது வருத்தத்துக்குரியது. இன்று அனுமதி இல்லாமல் எடுப்பது சட்டப்படி குற்றம். கரை ஒதுங்கியவை, வாகனத்தில் அடிபட்டவை, மிருகக்காட்சிசாலையில் இறந்தவை ஆகியவற்றையும் அருங்காட்சியகங்கள் சேர்க்கின்றன. முன்பே எடுத்தவற்றைப் பொறுத்தவரை என் கருத்து உறுதியானது: அந்த உயிர்கள் ஏற்கெனவே போய்விட்டன, அவை விட்டுச்சென்ற ஆதாரத்தையும் அழியவிடுவது இரண்டாவது இழப்பு.

அப்படி அழிந்தவையும் உண்டு. டெல்லி மண்டி ஹவுஸ் பகுதியில் 1978-இல் திறந்த தேசிய இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் 2016 ஏப்ரல் 26 அதிகாலைத் தீயில் எரிந்தது. பிரேசிலில் 1818-இல் தொடங்கிய தேசிய அருங்காட்சியகம் 2018 செப்டம்பர் 2 இரவில் எரிந்தபோது பூச்சித் தொகுப்பின் பெரும்பகுதி சாம்பலானது. கட்டடத்தை மறுபடி கட்டிவிடலாம். காடாக இருந்து ஊராகிவிட்ட இடத்தில் நூறாண்டுக்கு முன் பிடித்த வண்டை மறுபடி பிடிக்க முடியாது.

தமிழ்நாட்டில் எங்கே போகலாம், எப்படிப் பார்க்கலாம்?

எழும்பூர் அருங்காட்சியகம் 1851-இல் தொடங்கியது. அதன் முதல் பொறுப்பாளரான மருத்துவர் எட்வர்ட் பால்ஃபோர் அந்த வளாகத்திலேயே விலங்குகளையும் வளர்க்கத் தொடங்கினார். இன்றைய வண்டலூர் உயிரியல் பூங்காவின் தொடக்கம் அதுதான். பெரும்பாலோர் செப்புத் திருமேனிகளைப் பார்த்துவிட்டு விலங்கியல் கூடங்களை வேகமாகக் கடந்துவிடுகிறார்கள். அங்குள்ள திமிங்கில எலும்புக்கூட்டின் முன் சற்று நின்று, பக்கத் துடுப்புக்குள் இருக்கும் எலும்புகளைப் பார்க்க வேண்டும். நம் கையில் உள்ளது போலவே தோளிலிருந்து ஒற்றை எலும்பும், பின் இரட்டை எலும்பும், பின் விரல் எலும்புகளும் வரிசையாக இருக்கும். தரையில் நடந்த விலங்கின் வழித்தோன்றல் அது என்பதைத் திரையில் பார்க்கும் உயிருள்ள திமிங்கிலம் காட்டாது. தோலுக்குள் இருப்பதை எலும்புக்கூடு மட்டுமே காட்டும்.

கோயம்புத்தூரில் 1902-இல் தொடங்கிய காஸ் வன அருங்காட்சியகமும், கொடைக்கானல் செண்பகனூரில் இயேசு சபையினர் உருவாக்கிய அருங்காட்சியகமும் காடு சார்ந்த தொகுப்புகளுக்குப் பெயர் பெற்றவை. தாவரங்களில் ஈடுபாடு உள்ள மாணவர்கள் முன்அனுமதி பெற்று, திருச்சி தூய வளனார் கல்லூரியின் ராப்பினாட் ஹெர்பேரியத்தைப் பார்க்க முயலலாம். விழுப்புரம் மாவட்டம் திருவக்கரையில் கல்லாகிப்போன மரங்கள் கிடக்கின்றன. அரியலூர் வட்டாரத்தில், சிமெண்டுக்காக வெட்டும் சுண்ணாம்புக்கல்லிலேயே, டைனோசர் காலத்துக் கடலில் வாழ்ந்த, சுருள் ஓடு கொண்ட அம்மோனைட் போன்ற உயிரினங்களின் புதைபடிவங்கள் இருக்கின்றன. வாரணவாசியில் உள்ள அருங்காட்சியகத்தில் அவற்றைக் காணலாம்.

எங்கே போனாலும் ஒரு பழக்கம் பயன் தரும். எல்லாவற்றையும் பார்த்துவிட முயலாமல் நான்கைந்து பொருள்களைத் தேர்ந்தெடுத்து, முதலில் சீட்டைப் படிக்க வேண்டும். ஆண்டும் இடமும் இருந்தால், அந்த ஆண்டில் அந்த இடம் எப்படி இருந்தது, இன்று அந்த உயிரினம் அங்கே இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளலாம். ஆண்டும் இடமும் இல்லையென்றால் காப்பாட்சியரிடம் கேட்கலாம். காட்சிச் சீட்டில் இல்லாத விவரம் அலுவலகப் பதிவேட்டில் இருக்கக்கூடும். குழந்தைகளோடு போகிறவர்கள் 'இது என்ன?' என்பதோடு நிறுத்தாமல் 'இது எங்கிருந்து வந்தது, யார் எடுத்தார்கள்?' என்றும் கேட்கப் பழக்கினால், அந்தப் பழக்கம் வெளியிலும் உதவும். அரியலூர்ப் பக்கம் ஒரு கிணற்று மண்ணிலோ ஓடைக் கரையிலோ சுருள் வடிவக் கல் ஒன்று கண்ணில் பட்டால், அதைப் பிடுங்கி எடுக்கும் முன் கிடந்த நிலையிலேயே படம் பிடித்து, ஊர், இடம், தேதி ஆகியவற்றை அப்போதே எழுதிவைத்து, அருகில் உள்ள அருங்காட்சியகத்துக்கோ கல்லூரியின் நிலவியல் துறைக்கோ தெரிவிக்கலாம்.